ஜோதாமை வசூல்காரனாக்கிய வருடம்

1786, மார்ச் 11

என் மகன் லெமுவேல், இங்கிலாந்து ராஜாவை எதிர்த்து மூன்று வருடம் யுத்தம் செய்தான். அதற்குச் சம்பளம் கொடுக்கவில்லை. சம்பளத்துக்குப் பதிலாகக் காகிதச் சீட்டு கொடுத்தார்கள். முகாமில் காய்ச்சல் கண்டு அவன் இறந்த பிறகு, அந்தச் சீட்டுகள் அவன் கோட்டுப் பையில் வீடு வந்தன. உப்பு வாங்கவும் மருந்து வாங்கவும் வழியில்லாமல், இருபது ஷில்லிங் பெறும் பவுனுக்கு இரண்டரை ஷில்லிங் என்று ஒரு பாஸ்டன் வியாபாரிக்கு அவற்றை விற்றேன். இப்போது மாநில சபை சொல்கிறது: சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்கு முழு மதிப்பும் கிடைக்கும், மேலே வட்டியும் உண்டு, அதுவும் வெள்ளியாக. அந்த வெள்ளிக்காக வரி. என் தலைக்கு, என் நிலத்துக்கு, என் ஏர்மாடுகளுக்கு. ஆக, என் மகன் சம்பளத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கியவனுக்கு அதை நானே முழுசாகக் கட்ட வேண்டும். நடந்த அநியாயம் இதுதான். இதைவிடச் சுருக்கமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

காலையிலிருந்து கூரைப்பனி உருகிச் சொட்டுகிறது. மேப்பிள் மரங்களில் துளை போட்டாயிற்று. கெசையா சர்க்கரைக்காகச் சாறு காய்ச்சுகிறாள். ஆவியில் அவள் இடுப்புக்கு மேலே தெரியவில்லை. முப்பத்தொன்பது வருடம் கூட வாழ்ந்தவள், பாதியாக நடமாடுகிறாள்.

நான் கட்டப்போவதில்லை.

மார்ச் 13

ஊர்க்கூட்டம். வழக்கம்போல முதலில் சின்னப் பதவிகள். போன மாதம் கல்யாணமானவனுக்கு, அவிழ்ந்து திரியும் பன்றிகளைப் பிடிக்கும் பன்றிக் காவல். எப்போதும் அது புது மாப்பிள்ளைக்குத்தான். எல்லோரும் சிரித்தோம். வேலிகளைப் பார்வையிட இரண்டு பேர். பிறகு வரி வசூல். மண்டபம் அடங்கிவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

நான் எழுந்தேன். "ஜோதாம் பெல்டிங்" என்றேன்.

ஜோதாம் என் தங்கை மெகிடபெல்லின் கணவன். வாளியும் பீப்பாயும் செய்கிறவன். கடைசி பெஞ்சில் ஏதோ மரத்துண்டைச் செதுக்கிக்கொண்டிருந்தான். கத்தி நின்றது.

"மச்சான், நான் உனக்கு என்ன பாவம் பண்ணேன்?"

முன்வரிசையிலிருந்து டிங்லி சொன்னான்: "சரியான ஆளுப்பா. இவன் முட்டை கேட்டுப் போயி, கோழி முறைச்சுதுன்னா, கோழிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வருவான்."

அதற்காகத்தான் அவன் பெயரைச் சொன்னேன். கறாரானவனை வைத்தால் ஊரில் பாதி வீட்டு மாடு தெருவில் ஏலம் போகும். மென்மையானவனை வைத்தால் எந்தத் தொழுவமும் காலியாகாது. ஊருக்கும் அது புரிந்தது. அத்தனை கையும் மேலே போயிற்று. பதவியை மறுத்தால் ஐந்து பவுன் அபராதம். ஜோதாமிடம் ஐந்து பவுன் ஏது?

கத்தியை மடக்கினான். "சரி, எழுதிக்குங்க."

நல்ல யோசனை. என்னுடையதுதான்.

மார்ச் 14

மெகிடபெல் வழியில் பார்த்தாள். பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

மே 2

ஜோதாம் பட்டியலோடு வந்தான். என் பங்கு மூன்று பவுன் பதினொரு ஷில்லிங்.

"சும்மா படிச்சுக் காட்டிடறேன் மச்சான். கடமை."

படித்தான். இல்லை என்றேன்.

"இல்லைன்னு எழுதவா, அப்புறம்னு எழுதவா?"

"இல்லைன்னு எழுது மாப்பிள்ளை."

"அப்புறம்னு எழுதிக்கறேன். பாக்க நல்லா இருக்கும்."

பிறகு எங்கள் பால் வாளி ஒழுகுவதைப் பார்த்துவிட்டு, அதன் வளையத்தைத் தட்டி இறுக்கினான். மக்காச்சோளக் கூழ் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். கெசையா சொன்னாள்: "ராஜா இப்படி ஒரு வசூல்காரனை அனுப்பியிருந்தா யுத்தமே வந்திருக்காது."

மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே அவன் அடுத்த வீட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையோடு மூடுபனி படர்ந்திருந்தது. முதலில் கால்கள் மறைந்தன. அப்புறம் கையிடுக்கில் இருந்த பட்டியல். கடைசியில் தொப்பி மட்டும் வெள்ளைமேல் மிதந்துகொண்டே போயிற்று. ஒரு வரி வசூல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஜூலை 9

சபைக்கு ஊர் சார்பில் மனு. எழுதியவன் நான். இருபத்திரண்டு வயதில், பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் விரல் வைத்து எழுத்துப் படித்தவன். புதிதாக எதைப் படித்தாலும் இன்றும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன். கீழே ஆற்றங்கரை ஊர் வக்கீல்களுக்கு என் கையெழுத்து சிரிப்பு மூட்டலாம். மூட்டட்டும். வெள்ளி இந்த மலைக்கு ஏறி வருவதே இல்லை. தானியமாகவும் பன்றி இறைச்சியாகவும் வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டை விற்றவன் என்ன விலைக்கு விற்றானோ அந்த விலைதான் வாங்கியவனுக்கு. இரண்டே கோரிக்கை. மூன்று பக்கம் ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 3

பதில் இல்லை.

ஆகஸ்ட் 31

நம் ஊர் ஆண்கள் தொப்பியில் அடையாளத்துக்கு ஊசியிலைக் கொப்பு செருகிக்கொண்டு மாவட்ட நீதிமன்றத்தை மறிக்கப் போனார்கள். எனக்கு இடுப்பு. போன பனிக்காலத்தில் மரம் உருட்டும்போது போனது. கோலோடு வாசல் வரைதான் போனேன். டிங்லி இன்று திரும்பி வந்து சொன்னான்.

"நீதிபதிங்க படியில நின்னு எங்களைப் பாத்தாங்க. நாங்க அவங்களைப் பாத்தோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவங்களுக்குப் பசிச்சிருக்கும். போயிட்டாங்க."

நீதிமன்றம் இல்லையென்றால் வழக்கு இல்லை. வழக்கு இல்லையென்றால் ஏலம் இல்லை. இவ்வளவு எளிதா? பன்னிரண்டு வருடத்துக்கு முன் ராஜாவின் நீதிபதிகளையும் இதேபோலத்தான் அனுப்பினோம்.

அக்டோபர் 12

இலையுதிர் காலத்தின் அந்தக் கடைசி வெயில். மலை முழுக்கப் புகைபோல ஏதோ நிற்கிறது. நெருப்பு எங்கும் இல்லை. சத்தம் கூடத் தூரத்திலிருந்து மெதுவாக வந்து சேர்கிறது. யாரோ கோடாலி ஓங்குவது தெரிகிறது. கோடாலி மறுபடி மேலே போன பிறகுதான் முதல் வெட்டுச் சத்தம் கேட்கிறது.

பகலில் கண் அசந்தேன். லெமுவேல் மேப்பிள் மரங்களுக்கு நடுவே வந்தான். கோட்டுப் பையிலிருந்து காகிதங்களை எடுத்து ஒவ்வொன்றாகக் கிளைகளில் மாட்டிக்கொண்டிருந்தான். எனக்கு எட்டாத உயரத்தில். என்னைப் பார்க்கவே இல்லை. வேலையில் இருந்தான். "போதும், இறங்கு" என்றேன். என் குரலும் அந்தக் கோடாலிச் சத்தம்போலப் பிந்தித்தான் போயிருக்கும். விழித்தபோது முற்றம் முழுக்க இலை.

ஜோதாமின் பட்டியலில் இதுவரை வசூல்: ஒரு ஆட்டுத்தோல், நாலு ஷில்லிங். அந்த நாலு ஷில்லிங்கை யார் கொடுத்தது என்று ஊரே விசாரிக்கிறது.

டிசம்பர் 4

பாஸ்டனில் இருக்கும் சபையிலிருந்து மாவட்ட ஷெரீப்புக்கு உத்தரவு போயிருக்கிறது. எங்கள் ஊர் வரி பாக்கி நூற்று நான்கு பவுன். உத்தரவு ஊரின் பெயரில் இல்லை. ஜோதாம் பெல்டிங்கின் பெயரில்.

ஜோதாம் தாளை எடுத்துக்கொண்டு வந்தான். "என் பேரு மட்டும் புரியுது மச்சான். மத்தது சட்டப் பேச்சு, நீ படி."

அச்சடித்த சட்டத்தை எடுத்தேன். அந்தப் பக்கத்தை ஒரே மூச்சில் படித்துக் காட்டினேன். வசூல்காரன் வசூலிக்காத தொகைக்கு அவன் சொத்து பொறுப்பு. சொத்து போதாவிட்டால் அவன் உடல் பொறுப்பு. தொகை வந்து சேரும் வரை மாவட்டச் சிறை.

அவன் கணப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்றேன்.

பனி கொட்டுகிறது. நேராக விழவில்லை. எங்கே இறங்குவது என்று தெரியாததுபோல ஜன்னலுக்கு வெளியே சுற்றிச் சுற்றி நிற்கிறது.

1787, ஜனவரி 29

ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கை எடுக்கப் போன நம் ஆட்கள் மேல் பீரங்கி சுட்டுவிட்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள். நம் ஊர் ஆள் யாரும் அதில் இல்லை. சுட்டவர்களும் ராஜாவை எதிர்த்த அதே யுத்தத்தில் சண்டையிட்டவர்கள்.

சட்டத்தின் மேல் கல்லைப் போட்டு வைத்திருந்தோம். இப்போது கல் உருண்டுவிட்டது.

பிப்ரவரி 7

டிங்லி வந்து சேர்ந்தான். பனிப்புயலில் முப்பது மைல். அவன் தொப்பியில் கொப்பு இல்லை, தொப்பியே இல்லை. தலை, புருவம், தாடி எல்லாம் ஒரே வெள்ளை. எங்கள் வாசலில் நின்றபோது யாரென்றே தெரியவில்லை. என் தாத்தா வந்து நிற்பதாக நினைத்தேன். "நான்தான் பெரியவரே" என்றான். பிறகு, "எல்லாரும் கலைஞ்சு போயிட்டோம். சண்டைகூட இல்ல. பாத்தோம், அரசுப் படை நின்னுது, நாங்க இல்ல." கெசையா அவன் மரத்துப்போன காலைக் குளிர்ந்த நீரில் வைத்துத் தேய்த்தாள். தூங்கிக்கொண்டே பேசினான். யாரையோ வரிசையில் நிற்கச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

பிப்ரவரி 16

ஷெரீப்பின் ஆள் வந்தான். தொப்பியில் வெள்ளைக் காகிதத் துண்டு. அரசுப் பக்கம் என்று காட்ட. நான் ஜோதாமின் பட்டறையில்தான் இருந்தேன்.

"ஜோதாம் பெல்டிங் யாரு?"

"நான்தான். உள்ள வாங்க, கதவைச் சாத்துங்க. குளிருது."

"நூத்தி நாலு பவுன் பாக்கி. இருக்கா?"

"இல்லைங்க. முப்பத்தாறு வாளி இருக்கு."

அவன் சிரிக்கவில்லை. கெட்டவனாகவும் தெரியவில்லை. களைத்திருந்தான். "வாளியை வித்தா காணாது. ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்லித்தான் உத்தரவு."

நான் முன்னால் போனேன். "கட்டாதவன் நான். மூணு பவுன் பதினொரு ஷில்லிங். இவன் கேட்டான், நான்தான் இல்லைன்னு சொன்னேன். என்னைக் கொண்டு போ."

தாளைப் புரட்டிப் பார்த்தான். நிஜமாகவே தேடினான். "உங்க பேரு இதுல இல்ல பெரியவரே. இவர் பேருதான் இருக்கு. நீங்க நெருப்பாண்ட உக்காருங்க."

ஜோதாம் கோட்டைப் போட்டுக்கொண்டான். மெகிடபெல் ரொட்டியைத் துணியில் முடிந்து கொடுத்தாள். அழவில்லை. அந்த ஆளுக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். சறுக்குவண்டி சரிவில் இறங்கியது. குதிரையின் கழுத்து மணிச்சத்தம் நின்ற பிறகும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. இல்லை, நிற்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 17

சாப்பிட முடியவில்லை. உப்பு அதிகம் என்று கெசையாவிடம் சொன்னேன்.

பிப்ரவரி 21

மெகிடபெல் வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். அந்தச் சட்டத்துப் பக்கத்தை நீ போன மார்ச்சுக்கு முன்னாடி படிச்சியா இல்லையா?"

நான் மனுவைப் பற்றிச் சொன்னேன். சீட்டைப் பற்றி, லெமுவேலைப் பற்றி. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"லெமுவேலை நானும்தான் தூக்கி வளத்தேன். அதைக் கேக்கல. நீ கட்ட மாட்டேன்னு நிமிந்து நிக்கற பாரு, அந்த நிமிர்வு உன் முதுகுல இல்ல. அவர் முதுகுல. அவருக்கு இருமல் இழுக்குதாம்."

கதவைச் சாத்தாமல் போனாள். கெசையாவும் எழுந்து சாத்தவில்லை. பனி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தது.

படித்திருந்தேன். போன வருடத்துக்கு முந்தின வருடமே படித்திருந்தேன். சட்டம் இவ்வளவு மேடேறி வராது என்று நினைத்தேன். வந்தாலும், ஜோதாம்தானே — இல்லை. அந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். டிசம்பரில் அவனிடம் பொய் சொன்னேன். இந்தத் தாளிலும் உண்மையை எழுதவில்லை. யார் படிக்கப் போகிறார்கள் என்று பயந்தேன்?

பிப்ரவரி 28

மாடுகளைச் சறுக்குவண்டியில் பூட்டிக்கொண்டு ஆற்றங்கரை ஊருக்குப் போனேன். சிறையில் ஒரு அறையில் பதினான்கு பேர். வைக்கோல், புகை, அரை வெளிச்சம். ஜோதாம் மெலிந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம்.

"இங்க ஒரு வாளிகூட ஒழுங்கா இல்ல மச்சான். எல்லாம் ஒழுகுது. சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க."

இருமினான். வெகுநேரம். அடுத்திருந்தவன் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

"மாப்பிள்ளை, ஊர்ல யாருகிட்டயும் ஒண்ணுமே இல்லையா?"

"யாரு சொன்னா? டிங்லி பொண்டாட்டி நெய்த துணி நாப்பது கஜம் இருக்கு. சர்ச் டீக்கன் வீட்டுல வெள்ளிக் கரண்டி ஆறு, மாவுப் பெட்டிக்கு அடியில. மேட்டு வீட்டு விதவைகிட்ட ரெண்டாவது பசு. அதுக்குக் கன்னு வேற. உங்கிட்ட இந்த மாடுங்க."

"தெரிஞ்சுமா கேக்காம இருந்தே?"

"கேட்டா குடுத்திருப்பாங்க. அதான் கேக்கல."

நான் சொன்னேன்: "அந்தச் சட்டத்துப் பக்கம் எனக்கு முன்னாடியே தெரியும், ஜோதாம்."

"தெரியும்."

"எப்படி?"

"புதுசாப் படிச்சா நீ எழுத்துக்கூட்டித்தானே படிப்ப. அன்னிக்குத் தண்ணி மாதிரி படிச்சே." அப்புறம், "மெகிடபெல்கிட்ட சொல்லாத. அவ கோவக்காரி" என்றான்.

வெளியே வந்தபோது ஆற்றின்மேல் பனிக்கட்டி உடைந்து நகர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு துண்டின்மேலும் கொஞ்சம் வானம். மாடுகள் அதையே பார்த்து நின்றன. நானும் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. லெமுவேல் இறந்த முகாம் அறையும் இப்படித்தான் இருந்திருக்கும். இப்போதுதான் அது தோன்றியது.

மார்ச் 8

ஷெரீப்பின் கடிதம். மூன்றில் ஒரு பங்கு வெள்ளியாக வந்து, மீதிக்குப் புதிய வசூல்காரன் தன் பெயரில் பொறுப்பேற்றால் ஜோதாமை விட்டுவிடுவார்களாம். மாதம் முடிவதற்குள்.

எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். இரண்டு முறை.

மார்ச் 12

ஊர்க்கூட்டம். துப்பாக்கி தூக்கியவர்கள் மூன்று வருடத்துக்கு ஓட்டுக்குக் கை தூக்கக்கூடாது என்று புதுச் சட்டம். அவர்கள் வெளியே சுவரோரம் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். கண்ணாடியில் அவர்கள் மூச்சு படிந்து முகங்கள் கரைந்திருந்தன. உள்ளே பதினொரு பேர். பன்றிக் காவலுக்குப் பெயர் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

வசூல். போன வருடத்து அதே அமைதி.

"ஸெபுலோன் கிரேவ்ஸ்" என்றேன். என் பெயரை நானே.

டீக்கன் நிமிர்ந்தார். "விளையாடறீங்களா பெரியவரே? நீங்களே கட்டாதவரு."

"நாளைக்குக் கட்டிடுவேன். அப்புறம் உங்க வீட்டுக்கு வருவேன். மாவுப் பெட்டியைக் கொஞ்சம் நகத்தி வைங்க."

அவர் முகம் சிவந்துபோயிற்று. வெளியே டிங்லி சிரித்தது கண்ணாடிக்கு அப்பாலிருந்து கேட்டது. உடனே நின்றதும் கேட்டது. அவனுக்கும் புரிந்துவிட்டது. இந்த வசூல்காரன் கோழியிடம் மன்னிப்புக் கேட்க மாட்டான்.

எட்டுக் கை உயர்ந்தது. மூன்று உயரவில்லை.

மார்ச் 14

ஏர்மாடுகளை ஆற்றங்கரை வியாபாரிக்கு விற்றேன். இரண்டும் சேர்த்து ஐந்து பவுன். பாதி விலை, ஆனால் வெள்ளி. என் பங்கை நானே என்னிடம் கேட்டேன், நானே எண்ணிக் கொடுத்தேன், நானே ரசீது எழுதினேன். மீதி ஒரு பவுன் ஒன்பது ஷில்லிங்கை ஜோதாம் கட்ட வேண்டிய பங்கில் வரவு எழுதினேன்.

வரி அநியாயம் என்பதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

மார்ச் 16

மேட்டு வீட்டு விதவை கதவைத் திறக்கவில்லை. உள்ளே கன்று கத்தியது. நாளை மறுபடி போக வேண்டும். வாங்கிய பொருளுக்கு அந்த வியாபாரி கொடுக்கும் வெள்ளியும் சேர்த்து இருபது பவுன் ஆகியிருக்கிறது. இன்னும் பதினைந்து வேண்டும். சாறு காய்ச்சும் ஆவி ஊர் முழுக்கத் தரையோடு நகர்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் என்னைக் கண்டதும் அதற்குள் போய் நின்றுகொள்கிறார்கள். இனி ஆக வேண்டியவை:

மாநில சபை: சீட்டை விற்ற விலைக்கே வாங்கியவருக்குத் தீர்க்க வேண்டும். வரியைத் தானியமாக வாங்க வேண்டும். இன்னொரு மனு எழுதிவிட்டேன், மூன்றரைப் பக்கம்.

என் லெமுவேலின் சீட்டை வைத்திருக்கும் பாஸ்டன் வியாபாரி: வட்டி வாங்கும் ஒவ்வொரு முறையும் சீட்டின் மேலிருக்கும் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

டீக்கன்: மீதி இரண்டு கரண்டி.

டிங்லி: துணியைக் கொடுத்துவிட்டான். அவன் மனைவி என்னை ஏசியதற்கு அவன் வருத்தப்பட வேண்டியதில்லை.

மெகிடபெல்: ஜோதாமின் படுக்கையைக் கணப்புப் பக்கம் மாற்ற வேண்டும். என்னோடு பேச வேண்டும் என்றில்லை.

பன்றிக் காவல் பையன்: அடுத்த சனிக்கிழமை அவன் அப்பாவின் குதிரையோடு சிறைக்குப் போய் ஜோதாமை அழைத்து வர வேண்டும். கம்பளி இரண்டு எடுத்துப் போக வேண்டும்.

நான்: நாளைக் காலை விதவை வீட்டுக்குப் போய் மூன்று முறை கேட்க வேண்டும். மூன்றாவது முறைக்குப் பிறகு தொழுவத்தைத் திறந்து இரண்டாவது பசுவை ஓட்டிக்கொண்டு வர வேண்டும். கன்றை விட்டுவிட வேண்டும்.

கெசையா: நான் பசுவோடு தெருவில் வரும்போது நம் வீட்டுக் கதவைச் சாத்தாமல் இருக்க வேண்டும்.